கார்க் ஜாடியில எத்தனை இருக்கு? முதல்ல சொல்லுங்க, அப்புறம் எண்ணுவோம்

ஒரு சின்னப் போட்டியோட ஆரம்பிக்கலாம். 5 லிட்டர் பிடிக்கிற கண்ணாடி ஜாடி ஒண்ணு. நம்ம வீடுகள்ல எலுமிச்சங்காய் ஊறுகாய் போடுவாங்களே, அந்த சைஸ். அதுல ஒயின் பாட்டில் கார்க்குகளைக் கழுத்து வரைக்கும் போட்டிருக்கு. மொத்தம் எத்தனை இருக்கும்? கீழ தள்ளிப் பார்க்காம ஒரு நம்பரை மனசுல வச்சுக்கோங்க. பேப்பர்ல எழுதி வச்சா இன்னும் நல்லது, பிற்பாடு மாத்திச் சொல்ல முடியாது. விடை நடுவுல வருது.

ஜி.எச். டாக்டருக்கு ஒயின் கார்க்கோட என்ன வேலைன்னு கேக்கலாம். கொஞ்சம் பொறுங்க. நீளமான இழை, டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

ஒயின் பிரியர்கள் நடுவுல இது ரொம்ப நாளா இருக்கிற விளையாட்டு. குடிச்ச பாட்டிலோட கார்க்கைத் தூக்கிப் போடாம ஒரு ஜாடியில சேர்த்து வைப்பாங்க. ஜாடி நிறைஞ்சதும் நண்பர்களைக் கூப்பிட்டு எத்தனைன்னு சொல்லச் சொல்வாங்க. யார் கிட்டத்துல சொல்றாங்களோ அவங்களுக்குப் பரிசு. நாம சின்ன வயசுல புளியங்கொட்டையைக் கைக்குள்ள மூடிக்கிட்டு 'ஒத்தையா ரெட்டையா' விளையாடினோமே, அதோட பணக்கார அண்ணன் இது.

எங்க அஸ்தம்பட்டியிலயே இப்படி ஒண்ணு நடந்தது. தெரிஞ்சவர் வீடு. நல்ல மனுஷன், நல்ல வேலை, புது வீடு கட்டிக் குடி வந்து சரியா மூணு வருஷம். நாசிக் பக்கம் போனா வாங்கிட்டு வருவார், பெங்களூருல இருந்து வர்ற நண்பர்கள் கொண்டு வருவாங்க. கார்க் எல்லாம் ஹால் ஷோகேஸ்ல ஜாடிக்குள்ள. நான் குடிக்கிறதில்லை, அதனால நடுவர் வேலை எனக்கு. பரிசு ஒரு பெட்டி மாம்பழம். சேலத்துல மாம்பழத்தைப் பரிசா வைக்கிறது எந்த வகைப் பெருமைன்னு தெரியல, எல்லார் வீட்லயும் ஏற்கனவே இருக்கு. ஆனாலும் போட்டி சூடா நடந்தது.

பேச்சுக் கூடாது, அவங்கவங்க சீட்டுல எழுதி மடிச்சுக் கொடுக்கணும்னு சொல்லிட்டேன். 11 சீட்டு வந்தது. 60, 75, 80, 90, 95, 100, 110, 120, 150, 180, 250. அப்புறம் ஒரு பெட்ஷீட்டை விரிச்சு ஜாடியைக் கவுத்து எல்லாரும் சேர்ந்து எண்ணினோம்.

143.

உங்க நம்பர் என்ன? 143-க்குக் கீழ தான் இருக்கும்னு பந்தயம் கட்டலாம். 11 பேர்ல 8 பேர் கம்மியாத்தான் சொன்னாங்க. குவிச்சு வச்ச பொருளைப் பார்த்து எண்ணிக்கை சொல்லும்போது மனுஷங்க பொதுவா குறைச்சுத்தான் சொல்வாங்க. முன்னாடி வரிசை கண்ணுக்குத் தெரியும், நடுவுல இருக்கிறது தெரியாது.

ஜெயிச்சது யார் தெரியுமா? 150-ன்னு எழுதின அந்த வீட்டு அம்மா. அவரோட அம்மா. ஒயின் பக்கமே போகாதவங்க. ஜாடி அவங்களோடது, வருஷா வருஷம் ஊறுகாய் போட்ட ஜாடி. "இதுல எத்தன பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா கண்ணு"ன்னாங்க.

80-ன்னு எழுதினது யார் தெரியுமா? வீட்டுக்காரர். ஒவ்வொரு பாட்டிலையும் தன் கையால திறந்தவர்.

இந்த இழையை எழுத உட்கார்ந்ததே அந்த 80-க்காகத்தான்.

அவரைக் குறை சொல்லல. அவர் அந்த நம்பரை சும்மா அடிச்சு விடல, கணக்குப் போட்டுத்தான் எழுதினார். "மாசத்துக்கு ஒண்ணு, மிஞ்சிப் போனா ரெண்டு. 36 மாசம். விருந்தாளி வந்ததையும் சேர்த்து 80." நேர்மையான கணக்கு. ஆனா 143-ஐ 36-ஆல வகுத்துப் பாருங்க. மாசத்துக்கு நாலு. வாரம் ஒண்ணு. பாட்டிலைத் திறந்த கை அவருதுதான், ஞாபகத்துல பாதி தான் நின்னிருக்கு.

இப்ப கொஞ்சம் சரித்திரம். கூட்டமா யூகிக்கிறதைப் பத்தின பழைய கதை ஒண்ணு இருக்கு. 1906-ல இங்கிலாந்து பிளிமத் ஊர்ல கால்நடைக் கண்காட்சி. ஒரு கொழுத்த காளை நிக்குது. அதை வெட்டிச் சுத்தம் பண்ணினா எத்தனை பவுண்டு கறி தேறும்னு சொல்லணும். சீட்டு ஆறு பென்ஸ். கசாப்புக்காரர், விவசாயி, ஒண்ணும் தெரியாதவர்னு எல்லாரும் எழுதிப் போட்டாங்க. பிரான்சிஸ் கால்டன்ங்கிற விஞ்ஞானி அந்தச் சீட்டை எல்லாம் வாங்கிட்டுப் போய் ஆராய்ஞ்சார். படிக்க முடிஞ்சது 787. வரிசையா அடுக்கினா நடுவுல வந்த எண் 1207 பவுண்டு. நிஜ எடை 1198. ஒரு சதவீதம் கூட வித்தியாசம் இல்லை. 1907-ல 'நேச்சர்' பத்திரிகையில எழுதினார்.

1987-ல ஜாக் டிரெய்னர்னு ஒரு நிதித்துறை ஆள் வகுப்புல ஜாடி நிறைய மிட்டாய் வச்சு இதையே பண்ணிப் பார்த்தார். உள்ள இருந்தது 850. 56 பேரோட சராசரி 871. அந்த சராசரியை விட நல்லாச் சொன்னது ஒரே ஒருத்தர் தான்.

கூட்டத்துக்கு மூளை இருக்குன்னு இதை வச்சுப் புத்தகமே போட்டிருக்காங்க. ஆனா அதுக்கு ரெண்டு நிபந்தனை உண்டு. ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர் கேட்டு மாத்தக் கூடாது. அப்புறம், தப்பு ரெண்டு பக்கமும் விழணும். சிலர் கூட்டிச் சொல்லணும், சிலர் குறைச்சுச் சொல்லணும், அப்பத்தான் ஒண்ணை ஒண்ணு அடிச்சுட்டு நடுவுல உண்மை நிக்கும். எல்லாரும் ஒரே பக்கம் சாஞ்சா சராசரியும் அந்தப் பக்கமே சாயும். எங்க ஊர் ஜாடியில அதுதான் ஆச்சு. 11 பேரோட சராசரி 119, நடு எண் 100. அம்மாவும் கிட்ட வந்தாங்க, கூட்டம் வரல.

காளை கறியைக் குறைச்சுச் சொல்றதுல யாருக்கும் லாபம் இல்லை. நாம எவ்வளவு குடிக்கிறோம்ங்கிறதைக் குறைச்சுச் சொல்றதுல எல்லாருக்கும் லாபம் இருக்கு. வெளிய சொல்றதுக்கு மட்டும் இல்லை, நமக்கு நாமே சொல்லிக்கிறதுக்கும். அதனால குடிப் பழக்கத்துல மட்டும் ஆயிரம் பேரைக் கேட்டாலும் கூட்டத்தோட ஞானம் வேலை செய்யாது. மதுக் கணக்கெடுப்பு எங்க நடந்தாலும் இதே தலைவலி: ஜனங்க குடிச்சதாச் சொல்றதைக் கூட்டினா, கடையில வித்த அளவுக்குப் பக்கத்துல கூட வராது. மிச்ச பாட்டில் எல்லாம் யார் குடிச்சது? ஆவி தான் குடிச்சிருக்கணும்.

எங்க வார்டுக்கு வாங்க. கேஸ் ஷீட்ல குடிப்பழக்கம்னு ஒரு வரி எழுதணும். நாங்க கேப்போம், "குடிப்பீங்களாண்ணா?" பதில்கள் எனக்கு மனப்பாடம். "எப்பவாச்சும் சார்." "விசேஷத்துக்கு மட்டும்." "உடம்பு வலிக்கு ஒரு கட்டிங்." "அளவாத்தான் சார்." பக்கத்துல நிக்கிற மனைவி ஒண்ணும் பேச மாட்டாங்க, சுவத்தைப் பார்ப்பாங்க. அவர் எக்ஸ்ரே எடுக்கப் போனதும், "தினம் ரெண்டு குவாட்டருங்க டாக்டர்"னு மெதுவாச் சொல்வாங்க.

இந்த வித்தியாசத்தால உயிரே போகலாம், நான் மிகைப்படுத்தல. கால் எலும்பு முறிஞ்சு ஒருத்தர் அட்மிட் ஆகுறார்னு வைங்க. 'எப்பவாச்சும்'னு எழுதியாச்சு. முதல் நாள் ராத்திரியே கை நடுங்க ஆரம்பிக்கும், வலியால இருக்கும்னு விடுவாங்க. அடுத்தது வலிப்பு வரலாம். ரெண்டாம் நாள்ல இருந்து நாலாம் நாளுக்குள்ள வேர்த்துக் கொட்டி, நேரம் இடம் தெரியாம, இல்லாத பூச்சியைப் பிடிச்சுட்டு, கட்டிலை விட்டு ஓடப் பார்ப்பார். குடியைத் திடீர்னு நிறுத்தினதால வர்ற சித்தப் பிரமை அது. 'தினம் ரெண்டு குவாட்டர்'னு முதல் நாளே தெரிஞ்சா அதுக்கான மாத்திரையும், தையமின் ஊசியும் நேரத்துக்குப் போட்டிருக்கலாம். ஒரு சொல் தான் வித்தியாசம்.

'கண்ணால பார்த்தே சொல்லிடுவேன்'ங்கிற நம்பிக்கை டாக்டர்களையும் விட்டதில்லை. பிரசவ வார்டு உதாரணம் சொல்றேன். குழந்தை பிறந்ததும் அம்மாவுக்கு எவ்வளவு ரத்தம் போச்சுங்கிறதைக் காலங்காலமா துணியையும் தரையையும் பார்த்து மதிப்புப் போட்டுத்தான் எழுதுவாங்க. அரை லிட்டரைத் தாண்டினா ஆபத்து. கர்நாடகாவுல ஒரு குழு, இடுப்புக்குக் கீழ விரிக்கிற, அளவு கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வச்சு அளந்து ஒப்பிட்டுப் பார்த்தாங்க, 2006-ல வெளிவந்தது. கண்ணால போட்ட மதிப்பு, அளந்ததை விட மூணுல ஒரு பங்கு குறைவு. அனுபவம் உள்ள கண்ணு தான், ஆனாலும் குறைவு. 2023-ல கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, டான்சானியா நாலு நாட்டுல 80 ஆஸ்பத்திரியில பெரிய ஆய்வு ஒண்ணு வந்தது. அளவுக் கோடு விரிப்பை வச்சு சீக்கிரமாக் கண்டுபிடிச்சு, செய்ய வேண்டிய சிகிச்சையை எல்லாம் ஒரே மூச்சுல கொடுத்தா, கடுமையான ரத்தப்போக்கும் அது சார்ந்த மோசமான விளைவுகளும் 60 சதவீதம் குறைஞ்சது. புது மருந்து ஒண்ணும் இல்லை. இருந்த மருந்தையே அளந்து பார்த்து நேரத்துக்குக் கொடுத்தாங்க.

அதனால தான் எனக்குக் கார்க் ஜாடி மேல மரியாதை. அது குடிக்கிறவங்களே வச்சுக்கிட்ட அளவுக் கோடு. ஒரு பாட்டில், ஒரு கார்க். ஞாபகத்துக்கும் கௌரவத்துக்கும் அங்க வேலை இல்லை.

கார்க்கைப் பத்தி ரெண்டு வரி சொல்லாம போக மனசு வரல. அது ஒரு ஓக் மரத்தோட பட்டை. உலகத்துல பாதிக்குக் கிட்டத்தட்ட போர்ச்சுக்கல்ல இருந்து வருது. மரம் வளர்ந்து முதல் பட்டை உரிக்கவே 25 வருஷம் ஆகும். அப்புறம் 9 வருஷத்துக்கு ஒரு தடவை உரிப்பாங்க, மரத்தை வெட்ட மாட்டாங்க. 24 மி.மீ. குறுக்களவு உள்ள கார்க்கை அமுக்கி 18 மி.மீ. சொச்சம் கழுத்துக்குள்ள தள்ளுவாங்க, அது உள்ள விரிஞ்சு இறுக்கிப் பிடிக்கும். நம்ம ரோட்டோரத்துல ராத்திரி வாசனையா வெள்ளைப் பூ கொட்டுமே மரமல்லி, அதுக்கு இந்தியக் கார்க் மரம்னே ஒரு பேர் உண்டு. அந்தப் பட்டையும் மட்டமான கார்க்கா உபயோகப்பட்டிருக்கு. இன்னொண்ணு, எங்க தொழிலுக்கு நெருக்கமானது: 1665-ல ராபர்ட் ஹூக் மைக்ராஸ்கோப்புல ஒரு சீவல் கார்க்கை வச்சுப் பார்த்தார். தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறை தெரிஞ்சது. அதுக்கு 'செல்'னு பேர் வச்சார். பத்தாம் வகுப்புல இருந்து எம்.பி.பி.எஸ். வரைக்கும் நாம உருப்போட்ட 'செல்' பிறந்தது ஒரு பாட்டில் மூடியில இருந்து.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போட்டி முடிஞ்சதும் அந்த வீட்ல ஒருத்தர் சொன்னார், "ஒயின் தானே டாக்டர், சரக்கா குடிச்சோம்?" எல்லாரும் சிரிச்சாங்க. இந்த வரியை நான் நிறைய இடத்துல கேட்டிருக்கேன். அதுக்கான கணக்கைத் தான் இங்க போடப் போறேன்.

நம்ம கடையில விக்கிற பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாம் 42.8 சதவீத ஆல்கஹால். ஒரு குவாட்டர் 180 மி.லி. அதுல சுத்த ஆல்கஹால் 77 மி.லி., எடையில 61 கிராம். ஒயின் பாட்டில் 750 மி.லி. குறைஞ்ச பட்சம் 12 சதவீதம்னு வைங்க. 90 மி.லி., 71 கிராம்.

திரும்பப் படிங்க. ஒரு பாட்டில் ஒயின்ல இருக்கிறது ஒரு குவாட்டரை விட ஜாஸ்தி.

650 மி.லி. சாதா பியர் 5 சதவீதம்னா 26 கிராம். அதே பாட்டில் ஸ்ட்ராங் 8 சதவீதம்னா 41 கிராம். ஆக மூணு ஸ்ட்ராங் பியர், ரெண்டு குவாட்டருக்குச் சமம். 'பியர் மட்டும் தான்'ங்கிறவங்க இந்த வரியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

கல்லீரலுக்கு பாட்டில் லேபிள் படிக்கத் தெரியாது. நாசிக் ஒயினா, டாஸ்மாக் பிராந்தியா, கோவா ஃபென்னியா எதுவும் அதுக்குத் தெரியாது, கிராம் கணக்கு மட்டும் தான். 143 கார்க் பத்து கிலோ சுத்த ஆல்கஹால். மூணு வருஷத்துல, வீட்டுக்காரரும் அவரோட நண்பர்களும் சேர்ந்து.

'ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லதாமே?' வந்துட்டீங்களா, எதிர்பார்த்தேன். 1991-ல அமெரிக்க டி.வி. நிகழ்ச்சி ஒண்ணுல, பிரெஞ்சுக்காரங்க இவ்வளவு கொழுப்பு சாப்பிட்டும் மாரடைப்பு கம்மியா இருக்கு, காரணம் ரெட் ஒயினா இருக்கலாம்னு சொன்னாங்க. அன்னைக்கு ஆரம்பிச்சது. அளவாக் குடிக்கிறவங்களை, சுத்தமாக் குடிக்காதவங்களோட ஒப்பிட்ட பழைய ஆய்வுகள்ல ஒரு ஓட்டை உண்டு. 'குடிக்காதவங்க' கூட்டத்துல, உடம்பு கெட்டுப் போனதால குடியை விட்டவங்களும் இருப்பாங்க. அவங்களைச் சேர்த்துக்கிட்டா அளவாக் குடிக்கிறவங்க ஆரோக்கியமாத் தெரியாம என்ன பண்ணுவாங்க? அதுபோக, ஒயினை ரசிச்சு வாங்கிக் குடிக்கிறவங்ககிட்ட பணம் இருக்கு, நல்ல சாப்பாடு இருக்கு, வருஷா வருஷம் செக்கப் இருக்கு. அந்த ஆரோக்கியத்துல எவ்வளவு ஒயினோடது, எவ்வளவு வசதியோடது? உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில தெளிவாச் சொல்லிடுச்சு, இது வரைக்கும் பாதுகாப்புன்னு ஒரு அளவே மதுவுக்குக் கிடையாதுன்னு. புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள்ல முதல் பிரிவுல மதுவைச் சேர்த்தது 1988-லயே. அந்தப் பட்டியல்ல ஒயினுக்கு விதிவிலக்கு இல்லை.

இன்னொரு விஷயத்தை நேராவே சொல்லிடறேன். குவாட்டர் குடிக்கிற கட்டட வேலைக்காரரை 'குடிகாரன்'ங்கிறோம். வாரம் ஒரு கார்க் சேர்க்கிறவரை 'ஒயின் பிரியர்'ங்கிறோம். முதல் ஆளுக்கு வயித்துல நீர் கோத்து, கண்ணு மஞ்சளாகி எங்ககிட்ட வரும்போது 'குடிச்சே அழிஞ்சான்'னு சொந்தக்காரங்களே சொல்வாங்க. ரெண்டாவது ஆளுக்கு அல்ட்ராசவுண்டுல கல்லீரல் கொழுப்புன்னு வந்தா, சாப்பாடு, உட்கார்ந்த வேலைன்னு பேசுவாங்க, பாட்டில் பேச்சே வராது. கேக்க டாக்டருக்கும் கூச்சம். எனக்குத் தெரிஞ்சு ஏழைகிட்ட இந்தக் கேள்வியைச் சட்டுனு கேக்கிறோம், வசதியானவங்ககிட்ட மென்னு முழுங்குறோம். கௌரவமான கூட்டத்துல கௌரவமான நோய் முத்திப் போறது இப்படித்தான்.

சேலத்துல உட்கார்ந்து மதுவைப் பத்தி எழுதிட்டு ராஜாஜியைச் சொல்லாம விட முடியாது. சென்னை மாகாணத்துல மதுவிலக்கு முதல்ல வந்த மாவட்டம் எங்க சேலம், 1937 அக்டோபர் 1. அதுக்கு முன்னாடியே திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்துல இருந்து மதுவிலக்குக்காக 'விமோசனம்'னு ஒரு பத்திரிகையே நடத்தினார், கல்கி அதுல கூட இருந்தார். மதுவிலக்கால போன வருமானத்துக்குப் பதிலா 1939-ல விற்பனை வரி கொண்டு வந்தார். விலக்கு நல்லதா கெட்டதாங்கிற சண்டைக்கு நான் வரல, அது வேற இழை. நான் பார்க்கிறது வேற. அரசாங்கம் எப்பவுமே பாட்டிலை எண்ணிட்டுத்தான் இருக்கு. அன்னைக்கு எவ்வளவு வருமானம் போகும்னு எண்ணினாங்க. 2003-ல சில்லறை விற்பனையே டாஸ்மாக் கைக்கு வந்ததுல இருந்து எவ்வளவு வருதுன்னு எண்ணுறாங்க. 2022-ல நீலகிரியில காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா 10 ரூபாய்ங்கிற திட்டம் வந்தது. காட்டுல உடைஞ்ச பாட்டில் விலங்குகளோட காலைக் கிழிக்குதுன்னு ஐகோர்ட் தலையிட்டு வந்த திட்டம், நல்ல திட்டம், பிற்பாடு மத்த மாவட்டங்களுக்கும் போச்சு. இப்ப பாட்டிலுக்குப் பாட்டில் ஸ்டிக்கர் ஒட்டி எண்ணுறாங்க. ஆக கடைக்குத் தெரியும், அரசாங்கத்துக்குத் தெரியும். வாங்கிக் குடிக்கிற ஆள் மட்டும் 'எப்பவாச்சும்'னே சொல்லிட்டிருக்கார்.

அதனால என் கருத்து இது. கார்க் போட்டியை நான் எதிர்க்கல. இன்னும் சொல்லப் போனா, எல்லாக் குடிக்கிற வீட்லயும் அதை நடத்தணும்ங்கிறேன். கார்க் இல்லாட்டி மூடி. குவாட்டர் மூடி, பியர் மூடி, எதுவானாலும். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து 10 ரூபாய் வாங்கிக்கோங்க, மூடியை மட்டும் வீட்டு டப்பாவுல போடுங்க. மூணு மாசம் கழிச்சு முதல்ல ஒரு சீட்டுல உங்க யூகத்தை எழுதுங்க. வீட்ல இருக்கிறவங்களையும் எழுதச் சொல்லுங்க. அப்புறம் எண்ணுங்க. யூகத்துக்கும் எண்ணினதுக்கும் நடுவுல இருக்கிற தூரத்தை எந்த டாக்டராலயும் ரத்தப் பரிசோதனையில கண்டுபிடிக்க முடியாது.

என் சக டாக்டர்கள் ரெண்டு பேருக்கு இதுல உடன்பாடு இல்லை. ஷோகேஸ்ல கார்க் வைக்கிறதே குடியை அழகு பார்க்கிற வேலை, பிள்ளைங்க பார்த்து வளரும்ங்கிறாங்க. அதுல நியாயம் இருக்கு. ஷோகேஸ்ல வேண்டாம், பரண்ல வைங்க. ஆனா மறைச்சு வச்சுக் குடிக்கிற வீட்ல பிள்ளைங்களுக்குத் தெரியாம இருக்குன்னு நினைக்கிறீங்களா? பிள்ளைங்களைக் கேட்டா அப்பாவோட கணக்கை அப்பாவை விடச் சரியாச் சொல்லும். இன்னொருத்தர், எண்ணினா குற்ற உணர்ச்சி தான் மிச்சம், அதுக்காக இன்னொரு ரவுண்டு போடுவாங்கன்னார். சிலருக்கு அப்படி ஆகலாம், மறுக்கல. ஆனா சின்னதா உட்கார்ந்து பேசினாலே பலன் உண்டுங்கிறதுக்கு நல்ல ஆதாரம் இருக்கு. எவ்வளவு குடிக்கிறீங்கன்னு கேட்டு, கணக்கைக் காட்டி, கொஞ்ச நேரம் பேசின ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததுல சராசரியா வாரத்துக்கு 20 கிராம் குறையுது. பெரிசா இல்லை தான், ஆனா ஊருக்கே பண்ணினா பெரிசு. கோவாவுல ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல, டாக்டரே இல்லாம, பயிற்சி கொடுத்த சாதாரண ஆட்கள் அதிகபட்சம் நாலு தடவை உட்கார்ந்து பேசினாங்க. மூணு மாசத்துல ஆபத்தான குடியில இருந்து மீண்டவங்க 36 சதவீதம், பேசாத பக்கம் 26. 2017-ல 'லான்செட்'ல வந்தது. நம்ம ஊர் சுகாதார நிலையத்துல இதைப் பண்ண ஆள் இல்லையா என்ன? நேரம் ஒதுக்கினா போதும்.

டப்பாவைத் திறந்ததும் என்ன நம்பர் வந்தா கவலைப்படணும்னு கேப்பீங்க. கட்டுப்பாடா இருக்கீங்களான்னு பார்க்க உலக சுகாதார நிறுவனத்தோட 'ஆடிட்'ங்கிற 10 கேள்வித் தாள் இருக்கு, 8 மார்க்கோ அதுக்கு மேலயோ வந்தா பேச வேண்டிய நேரம். உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. அது வரைக்கும் எளிமையா ஒண்ணு: எண்ணினது யூகத்தை விட ஒண்ணரை மடங்கு தாண்டினா, உங்க ஞாபகத்தை இந்த விஷயத்துல நம்பாதீங்க. இது என் சொந்த அளவுகோல், பாடப்புத்தகத்துல இருக்காது.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம். தினமும் குடிக்கிறவங்க, காலையில கை நடுங்குறவங்க, எண்ணிப் பார்த்துப் பயந்து நாளைக்கே முழுசா நிறுத்திடாதீங்க. மேல சொன்ன வலிப்பும் சித்தப் பிரமையும் வீட்லயே வரும். அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க, மாத்திரையோட நிறுத்தலாம். வர்ற கூச்சம் இருந்தா முதல்ல டெலி மானஸ் 14416-க்கு ஃபோன் பண்ணுங்க, தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. 104-லயும் கேக்கலாம்.

அப்புறம் அட்மிட் ஆகும்போது கேஸ் ஷீட் எழுதுற டாக்டர்கிட்ட, அது இன்டர்னா இருந்தாலும் சரி, நம்பரா சொல்லுங்க. 'அளவா'ங்கிற வார்த்தையை வச்சு எங்களால ஊசி போட முடியாது. போலீசுக்கு எழுதிக் கொடுக்க மாட்டோம், வீட்ல மாட்டி விட மாட்டோம். உங்க நம்பரைச் சொல்ல கூச்சமா இருந்தா, கூட வந்தவங்களைச் சொல்ல விடுங்க.

மூடி எண்ணுறவங்களுக்குச் சில்லறை விளக்கம். திருகு மூடி ஒயின் தான் இப்ப நிறைய வருது, அதுவும் ஒரு கார்க் தான். பிளாஸ்டிக் கார்க்கும் அப்படியே. ஆஃப் பாட்டில் மூடி விழுந்தா கூட ஒரு புளியங்கொட்டை போடுங்க, ஃபுல் பாட்டில் மூடி விழுந்தா கூட மூணு. அப்பத்தான் குவாட்டர் கணக்கு ஓரளவு சரியா வரும். நண்பர் வீட்லயும் பார்லயும் குடிச்சதுக்கு மூடி வீடு வந்து சேராது, அதுக்கும் கொட்டை தான். புளியங்கொட்டை தீர்ந்து போச்சுன்னு யாராவது சொன்னா, அவங்க முதல்ல என்னை வந்து பாருங்க.